கால் கிலோ நல்லிணக்கம்

மானுக்கு ஊட்டினால்தான் வேலை என்று ஆர்டரில் எழுதியிருக்கவில்லை. ‘பணியில் சேரும் நாளன்று மாலை ஐந்து மணிக்குள் நல்லிணக்கச் சான்றிதழுடன் வரவும். தவறினால் இந்த ஆணை தானாகவே ரத்தாகும்’ என்று மட்டும்தான் இருந்தது. பூமிகா அதை உடல்தகுதிச் சான்றிதழ் போல ஒன்று என்று நினைத்துக்கொண்டாள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று அப்பாவிடமும் சொன்னாள்.

பொன்னேரியில் உயிர்வேதியியல் படித்துவிட்டு இரண்டு வருடம் வீட்டில் இருந்தவள் அவள். பதினான்கு இடங்களுக்கு நேர்காணலுக்குப் போய், பதினைந்தாவதாகக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பெயின்ட்டுக்கு நிறப்பொடி தயாரிக்கும் ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. அப்பா கலியன் அந்த ஆர்டரைத் தெருவில் எல்லோருக்கும் காட்டிவிட்டிருந்தார். நெல் எடை போடும் இடத்திலும் காட்டினார். பிப்ரவரி முதல் திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அவளை டிவிஎஸ்ஸில் சான்றிதழ் கொடுக்கும் மான் பூங்காவின் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, இங்கேயே நிற்கிறேன் என்றார்.

பூங்கா தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் இருக்கிறது. ஒரு பக்கம் இரும்பு உருக்கும் ஆலை. மறுபக்கம் டயர் கிடங்கு. நடுவில் ஏழு ஏக்கர், பத்தடிக் கம்பிவேலி, உள்ளே முப்பத்திரண்டு மான்கள். நம்ம ஊர்ப் புள்ளிமான் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித் தெரியும். கிட்டே போனால் ஆண் மானின் கொம்பு விரித்த உள்ளங்கை போலப் பட்டையாக இருக்கும். ஐரோப்பாவிலிருந்து வந்த ஃபேலோ மான் வகை. உள்ளூர் மானுக்குக் கையால் தீனி கொடுத்தால் வனத்துறை பிடித்துக்கொள்ளும். இதற்குக் கொடுத்தால் யார் பிடிப்பார்கள் என்று இன்னும் தெளிவாகவில்லை. அதனால் இதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

நடத்துவது தொழில்–வனவிலங்கு நல்லிணக்கக் கூட்டமைப்பு. பேட்டையில் புதிதாக வேலைக்குச் சேரும் எல்லோரும், மேனேஜரானாலும் மூட்டை தூக்குபவரானாலும், முதல் நாள் இங்கே வந்து ஒரு மானுக்குக் கையால் ஊட்ட வேண்டும்.

கதவு ஆள் உயர இரும்புச் சுழல்கதவு. பக்கத்தில் இருந்த இயந்திரம் ஒரு நீலக் கப்பைத் தள்ளியது. கப்பில் கால் கிலோ பெல்லட், மாவை அழுத்திச் செய்த சிறு குச்சித் தீவனம். கப்பை எடுத்தால்தான் கதவு சுற்றும். வெளியே வரும் கதவிலும் அதே மாதிரி ஒரு இயந்திரம். அதில் காலிக் கப்பையும் சான்றிதழையும் வைத்தால்தான் அது சுற்றும். செல்போனை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். பூமிகாவின் டோக்கன் எண் இருநூற்று எட்டு.

முதலில் பயிற்சி. நாற்பது நிமிடப் படம், அதன்பிறகு பேச்சு. நிர்வாக அலுவலர் துளசிராமன் மான் படம் போட்ட டை கட்டியிருந்தார். குரலில் கல்யாண மண்டபத்தில் வரவேற்பவரின் கனிவு இருந்தது.

“இந்தப் பேட்டையில இருநூத்திப் பதினாலு புகைபோக்கி இருக்கு. ஒரு புகைபோக்கிக்கு ஒரு மான் வைக்கணும்னுதான் எங்க ஆசை. இடம் இல்லை. அதனால முப்பத்திரண்டு மானும் சேர்ந்து மொத்தப் புகைக்கும் பொறுப்பு ஏத்துக்கிட்டிருக்கு. ஒரு மனிதர் கையிலேருந்து ஒரு மான் கால் கிலோ சாப்பிட்டா அது ஒரு நல்லிணக்கம். போன வருஷம் பதினோராயிரம் நல்லிணக்கம் செஞ்சிருக்கோம். புகை குறையலை. ஆனா புகைக்கும் இயற்கைக்கும் நடுவுல இருந்த மனக்கசப்பு குறைஞ்சிருக்கு.”

எல்லோரும் கைதட்டினார்கள். பூமிகாவும் தட்டினாள்.

முன்வரிசையில் ஒருவர், உள்ளே புல்லே இல்லையே சார் என்று கேட்டார். துளசிராமனுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. ஆரம்பத்தில் புல் இருந்தது என்றார். பெரிய தலைவலியாக இருந்ததாம். மான்கள் பாட்டுக்குக் குனிந்து மேய்ந்துகொண்டே இருக்கும். மனிதன் கையை நீட்டினால் நிமிர்ந்துகூடப் பார்க்காது. மேய்ந்ததை யார் பெயரில் எழுதுவது? அதனால் ஏழு ஏக்கருக்கும் சிமெண்ட் போட்டு, மேலே பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். அந்தப் பச்சைக்கு நிறப்பொடி நன்கொடையாகக் கொடுத்தது பூமிகா சேரப்போகும் கம்பெனி. அதற்கும் கைதட்டினார்கள்.

பயிற்சிக்குப் பிறகு கைப் பரிசோதனை. சுமலதா என்ற ஊழியர் ஒவ்வொருவரின் நகத்தையும் பார்த்து, சோப்பு போட்டுக் கழுவச் சொன்னார். சோப்பு வாசனை மானுக்குப் பிடிக்காது என்பதால் அடுத்த மேசையில் அங்கீகரிக்கப்பட்ட மண்ணைத் தேய்க்கச் சொன்னார். மண்ணில் கிருமி இருக்கலாம் என்பதால் மூன்றாவது மேசையில் சானிட்டைசர். சானிட்டைசர் வாசனையை மான் பழகிக்கொள்ளும் என்று சுமலதா சொன்னார். பழகிக்கொண்டதா என்று பூமிகா கேட்டாள். எனக்குத் தெரியாதும்மா, நான் கை மட்டும்தான் பார்ப்பேன் என்றார்.

உள்ளே போனபோது மணி பதினொன்று இருபது. பச்சைச் சிமெண்டின் மேல் தொண்ணூறு பேருக்கு மேல் ஆளுக்கொரு கப்போடு மண்டியிட்டிருந்தார்கள். எதிரே மான்கள் படுத்திருந்தன. கம்பங்களில் கேமரா. மான் முழுதாகத் தின்றுவிட்டால் கேமராவுக்குக் கீழே மணி அடிக்கும், சான்றிதழ் கிடைக்கும். தீவனத்தைக் கீழே கொட்டினால் புதுக் கப் கொடுத்துவிடுவார்கள். கடைசி மணி பத்து ஐம்பதுக்கு, நூற்றுப் பதினெட்டாம் டோக்கனுக்கு அடித்ததாகச் சொன்னார்கள். அதன்பிறகு அடிக்கவில்லை.

பூமிகாவுக்குப் பதினேழாம் எண் மான். சின்னப் பெண் மான், காதில் மஞ்சள் வில்லை. அவள் பயிற்சியில் சொன்னபடி மண்டியிட்டு, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, ஆறு வினாடி நம்பிக்கையோடு பார்த்தாள். மான் மோந்து பார்த்தது. பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. அவமதிப்பாக இல்லை. மரியாதையாகத்தான் திருப்பியது.

அவள் கணக்குப் போட்டாள். காலையிலிருந்து நூற்றுப் பதினெட்டு கப். ஒரு மானுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. நேற்று ஞாயிற்றுக்கிழமை, பொதுமக்கள் வேறு வந்திருப்பார்கள். அப்புறம்தான் கவனித்தாள், முப்பத்திரண்டில் ஒன்றுகூட அசைபோடவில்லை. சாணம் புழுக்கையாக இல்லாமல் இளகிக் கிடந்தது. பதினேழின் வாயோரம் எச்சில் இழையாகத் தொங்கியது. இடப்பக்க வயிறு உப்பியிருந்தது. நார் இல்லாமல் மாவுச்சத்தையே தின்றால் அசைபோடும் பிராணியின் வயிற்றில் அமிலம் ஏறும். மூன்றாம் செமஸ்டரில் படித்தது. படம் வரைந்து பாகங்களைக் குறித்ததும் ஞாபகம் இருந்தது. பரீட்சையில் அது வரவில்லை.

யாரிடமும் தானாகப் போய்ப் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. எழுந்துபோய் துளசிராமன் முன்னால் நிற்கவே கால் மணி நேரம் ஆயிற்று. மான்களுக்கு உடம்பு சரியில்லை, இன்றைக்கு ஊட்டக் கூடாது, நார்ச்சத்து வேண்டும் என்று கப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். “நீங்க சொல்றது விஞ்ஞானம். நான் மறுக்கலை. ஆனா நார்ச்சத்தைக் கேமரா எண்ணுமா? எண்ண முடியாத ஒண்ணை மான் சாப்பிட்டா, சாப்பிட்டதுக்கு ஆதாரம் மான் மட்டும்தான். மானை நம்பி ஒரு நிர்வாகம் நடத்த முடியுமாம்மா?”

ஆலோசனைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகச் சொன்னார். மூன்று பிரதி. எழுதினாள்.

மான் சாப்பிடாததற்குத் தனியாக ஒரு படிவம் இருந்தது. மறுப்புப் படிவம். அதை நிரப்பிக் கொடுத்தால் கம்பெனியில் ஒரு நாள் அவகாசம் தருவார்கள். முப்பது பேர் ஆவலோடு வாங்கி நிரப்பினார்கள். கடைசி வரியில், மறுத்த மானின் குளம்புப் பதிவு தேவை என்றிருந்தது. சுமலதா மைப்பெட்டியோடு வந்தார். மான்கள் காலை மடக்கிப் படுத்திருந்தன. ஒருவர் பலவந்தமாக ஒரு குளம்பை இழுத்துப் பதிய வைத்தார். கேமரா அதைத் துன்புறுத்தல் என்று குறித்துக்கொண்டது. அவரைத் தனி அறைக்குக் கூட்டிப்போய் அதே பயிற்சிப் படத்தை மறுபடி போட்டார்கள்.

பகல் ஒரு மணிக்கு ஒலிபெருக்கியில் புல்லாங்குழல் போட்டார்கள். பசி தூண்டும் ராகம் என்று அறிவித்தார்கள். மனிதர்களுக்குத்தான் பசித்தது.

வேலி ஓரமாக உட்கார்ந்திருந்த ஒருவன் தன் கப்பிலிருந்து பெல்லட்டை எடுத்து வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தான். பூமிகா பார்ப்பதைப் பார்த்து, கூச்சமில்லாமல் ஒன்றை நீட்டினான். பெயர் அன்புராஜ், எலக்ட்ரீஷியன், ஆரணிக்காரன். போன மாதம் வேலைக்குச் சேர வந்தவன். அன்றைக்கும் மான் தின்னவில்லை. மணி ஐந்தை நெருங்கவே அவசரத்தில் தானே தின்றுவிட்டான். கப் காலியாகிவிட்டது. ஆனால் தீவனம் தின்ற உயிர் எதுவானாலும் கால்நடை மருத்துவரின் சான்று இல்லாமல் வெளியே போகக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. மருத்துவர் மாதத்தின் இரண்டாம் வியாழக்கிழமை வருவார். போன மாதம் அது போகி அன்று வந்தது. லீவு.

ஊட்ல தேட மாட்டாங்களா என்று பூமிகா கேட்டாள்.

“சொல்லி அனுப்பிட்டேன்க்கா. டபுள் ஷிப்டு பாக்கறேன்னு நெனச்சிக்கினு கீறாங்க.” இன்னொரு பெல்லட்டைக் கடித்தான். “மொதோ நாலு நாளு பேஜாராதான் இருந்துச்சி. இப்ப நாஷ்டாவே இதான். உப்பு கொஞ்சம் கம்மி.”

அவன் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் வில்லை இருந்தது. எண் முப்பத்து மூன்று.

பூமிகா தன் கப்பை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

மூன்று மணிக்குக் கலியன் வேலிக்கு வெளியே வந்து நின்றார். சுற்றிச் சுற்றி வந்து, ஆள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்திருந்தார். தலையில் துண்டு. வெயிலில் முகம் கறுத்திருந்தது.

“இன்னா பாப்பா, இன்னும் சைன் போட்டுக் குடுக்கலையா?”

“மான் சாப்பிட மாட்டேங்குது நைனா.”

அவர் கம்பி வழியாகப் பதினேழைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் முகத்தைச் சுளித்தார். “அதும் மூஞ்சப் பாரு. கல்யாண ஊட்ல மூணு பந்தி உக்காந்தவன் மாரி கீது. நம்ம செவலை மாடு அரிசி மூட்டைய அவுத்துத் துன்னுட்டு இப்டிதான் படுத்துக்கினு இருந்துச்சி, ஞாபகம் கீதா?”

ஞாபகம் இருந்தது. அப்போது அவள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். செவலை பிழைத்துக்கொண்டது.

“நார் வேணும் நைனா. வைக்கோல் கிடைக்குமா?”

சம்பா அறுவடை முடிந்து, ரோட்டில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கள் போய்க்கொண்டிருந்த மாதம் அது. வைக்கோலுக்கா பஞ்சம் என்று சொல்லிவிட்டு அவர் போனார். கால் மணி நேரத்தில் டிவிஎஸ்ஸின் பின்னால் இரண்டு கட்டு கட்டிக்கொண்டு வந்தார். ஒரு கட்டை அவிழ்த்து, கம்பிக் கண்ணி வழியாக ஒரு பிடியை உள்ளே தள்ளினார்.

பூமிகா அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். தட்டையாக வைக்கவும் இல்லை, ஆறு வினாடி பார்க்கவும் இல்லை.

பதினேழு மூக்கை நீட்டியது. பின்னங்கால்களை ஊன்றி, கொஞ்சம் தள்ளாடி, எழுந்தது. ஒரு வைக்கோல் தாளை உதட்டால் உருவியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் பிடி முழுவதையும் இழுத்தது. காய்ந்த வைக்கோலை மெல்லும் சத்தம் அந்தச் சிமெண்டில் தெளிவாகக் கேட்டது. அவள் கையில் அதன் மூச்சு சூடாகப் பட்டது.

மற்ற மான்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. கலியன் பிடிபிடியாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். எல்லோரும் வேலியோரம் வந்து வாங்கிப்போனார்கள். யாரும் சொல்லாமலே வரிசையாக நின்றார்கள். குளம்பை இழுத்தவர்கூடப் பயிற்சி அறையிலிருந்து வந்து ஒரு பிடி வாங்கினார். அன்புராஜ் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு கிழட்டு ஆண் மானுக்குக் கொடுத்தான். சுமலதா யாரும் பார்க்காதபோது ஒரு பிடி வாங்கிக்கொண்டு போய் ஒரு குட்டிக்கு நீட்டினார். அது தின்றது.

“நாலு வருசமா கையப் பாத்துக்கினு கீறேன்,” என்றார். “என் கைல ஒண்ணும் துன்னதில்ல.”

இருபது நிமிடம் அப்படிப் போனது. மணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

பிறகு துளசிராமன் வந்தார். ஓடி வரவில்லை. நடந்து வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மான்கள் தின்பதையும் மனிதர்கள் ஊட்டுவதையும் நீண்ட நேரம் பார்த்தார். உண்மையாகவே மனம் புண்பட்டவர்போல இருந்தார்.

“இதைத்தான் நாலு வருஷமா நடக்கவிடாம பாத்துக்கிட்டிருந்தோம்,” என்றார். “யார் வேணும்னாலும், எதை வேணும்னாலும் நீட்டி, மானும் அதைச் சந்தோஷமா சாப்பிட்டா, அப்புறம் கூட்டமைப்பு எதுக்கு? நாளைக்கு இந்த வேலியே எதுக்குன்னு கேப்பீங்க.”

யாரும் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் வேலியைப் பார்த்தார்கள்.

கேமரா தொண்ணூற்று மூன்று நிகழ்வுகளைப் பதிவு செய்திருந்தது. உணவு: அடையாளம் தெரியாதது. நல்லிணக்கம்: பூஜ்யம். வைக்கோல் கொண்டுவந்தவர் உள்ளே வந்து, தெரியாமல் செய்துவிட்டேன் என்று கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் துளசிராமன். கொடுத்தால் விஷயத்தை இத்தோடு விட்டுவிடலாம். இல்லாவிட்டால் பூமிகாவின் கம்பெனிக்கு எழுத வேண்டியிருக்கும்.

கலியன் வேலிக்கு வெளியே இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வண்டியில் ஏறிப் போயிருக்கலாம். யாருக்கும் அவர் பெயர் தெரியாது. “எம் பொண்ணு வேல போவாதுன்னா எங்க வேணா எழுதித் தரேன் சார்,” என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார்.

வர வேண்டாம் என்று பூமிகா சொல்ல நினைத்தாள். பத்தடி தூரம் வேலியை ஒட்டியே நடந்து, “நைனா” என்று கூப்பிட்டாள். இரும்பு ஆலையின் சத்தத்தில் அது கேட்கவில்லை.

சுழல்கதவு ஒருவருக்காக விதியை மாற்றுவதில்லை. இயந்திரம் நீலக் கப்பைத் தள்ளியது. கலியன் அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். கடிதம் எழுத வந்தவர் என்றாலும் உள்ளே வந்தவர் வந்தவர்தான் என்பதால் நாற்பது நிமிடப் பயிற்சிப் படம் போட்டார்கள். நம்பிக்கையை ஆறு வினாடியில் உருவாக்குவது எப்படி என்று பார்த்தார். சோப்பு, மண், சானிட்டைசர். சுமலதா அவருடைய நகங்களுக்குள் இருந்த வயல் மண்ணை நெடுநேரம் பார்த்தார். அது அங்கீகரிக்கப்படாத மண். அப்படியே அனுப்பிவிட்டார்.

கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டபோது மணி நாலு ஐம்பத்தாறு. துளசிராமன் அதை வாங்கி, தேதி முத்திரை குத்தி, விஷயம் முடிந்தது என்றார். இனி பூமிகா போகலாம். மானுக்கு ஊட்டிவிட்டு.

பூமிகா பதினேழின் அருகே மண்டியிட்டாள். கையைத் தட்டையாக வைத்தாள். பெல்லட்டை அதில் கொட்டினாள்.

மான் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு மான்களும் அசைபோட்டுக்கொண்டிருந்தன. கீழ்த்தாடை இடமும் வலமுமாக நிதானமாகப் போய்வந்தது, பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே. வாயோரம் எச்சில் இல்லை. பதினேழு அவள் கையை மோந்தது. பழகிய கை என்பதால் ஒரு தடவை நக்கியது. பெல்லட்டைத் தொடவில்லை.

“துன்னும்மா,” என்றார் கலியன் மானிடம். “எங்களுக்காக ரெண்டே ரெண்டு துன்னு.”

ஐந்து மணிக்கு ஒவ்வொரு கம்பெனியாகச் சங்கு ஊதியது. நிறப்பொடிக் கம்பெனியின் சங்கு நாலாவதாக ஊதியது. தொண்ணூற்று மூன்று பேரும் எழுந்து நின்றார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். சிலர் பூமிகாவை முறைத்தார்கள். வைக்கோல் வராமல் இருந்திருந்தால் நாலரைக்குள் ஏதாவது ஒரு மானுக்குப் பசித்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் ஆமாம் என்றார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கலியன் கையிலிருந்து வைக்கோல் வாங்கியவர்கள்தான்.

ஒலிபெருக்கியில் துளசிராமனின் குரல் வந்தது. ஆணை ரத்தானவர்கள் வருத்தப்பட வேண்டாம், இந்த நிமிடத்திலிருந்து நீங்கள் ஊழியர்கள் அல்ல, எங்கள் மதிப்பிற்குரிய பொதுப் பார்வையாளர்கள். பார்வையாளர்களுக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது. காலிக் கப்பை ஒப்படைத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

மறுபடி புல்லாங்குழல்.

அன்புராஜ் நகர்ந்து இடம் கொடுத்தான். கலியன் மகளுக்குப் பக்கத்தில் பச்சைச் சிமெண்டில் உட்கார்ந்து, கப்பைத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

“இத்த இன்னா பண்றது பாப்பா?”

“மானுக்கு ஊட்டணும் நைனா.”

“அது துன்னாதே.”

“துன்னாது.”

அவர் தலையை ஆட்டினார். வண்டியில் சாவியை விட்டுவிட்டு வந்துவிட்டதாகச் சொன்னார்.

வேலிக்கு வெளியே டிவிஎஸ் நின்றது. அதன் பின்னால் இரண்டாவது கட்டு அவிழ்க்காமல் இருந்தது. டயர் கிடங்குப் பக்கமிருந்து ஒரு வெள்ளை மாடு ரோட்டைக் கடந்து வந்தது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. கட்டில் வாய் வைத்து ஒரு கற்றையை உருவி, நின்ற இடத்திலேயே தின்ன ஆரம்பித்தது.

உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மான்களும் பார்த்தன. மாடு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.